நடைபாதையில் ஒரு நூலகம்

(மஸ்கெலியாவில் நடைபெற்ற வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்துக்கு நம்மை அழைக்க வந்த இளைஞர்கள், "சட்டம் பற்றியோ சம்பளம் பற்றியோ பேசுங்கள், மக்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள்" என்று சொல்லிச் சென்றனர். அவ்வாறு எதிர்பார்த்து வந்தோர் இன்று ஏமாறத்தான் வேண்டும். சம்பளம் பற்றிப் பேச மேடைகள் பல உண்டு. அவற்றிலே நாம் பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டதும் உண்டு. புத்தகத்துக்காகக் கூடிய கூட்டத்தில் புத்தகம் தந்த இன்பத்தைப் பற்றிப் பேசுவதே முறை. அதிலும் புதுப் புத்தகத்தைப் பற்றியன்று. பிறர் வாங்கி, பிறர் படித்து, பிறர் விற்றுவிட்ட பழம் புத்தகத்தைப் பற்றி!

மஸ்கெலியாவில் பிறந்து, தோட்டப் பாடசாலையிற் படித்து, அதன்பின் ஹட்டனுக்குப் போய்ப் படித்து, ஒருவாறாகக் கொழும்புச் சட்டக் கல்லூரியின் வாயிலை மிதித்தோம். கல்லூரி அளுத்கடையில். நீதிமன்றங்களும் அங்கேதான்; கறுப்புச் சட்டைக்காரர்களும் அங்கேதான்; கட்சிக்காரரை எதிர்பார்த்து நிற்கும் தரகர்களும் அங்கேதான். நம்மிடம் அப்போது இல்லாதது ஒன்றே ஒன்று: பணம். புதிய சட்டநூல் ஒன்றின் விலையைக் கேட்டுவிட்டு, வாங்குவோர் போல் நடித்துச் சிறிது நேரம் நின்று, பிறகு நழுவி வந்த நாள்கள் பல.

அப்படியொரு நாள், மாலையில், கால் போன போக்கில் நடந்தோம். பேரை வாவிக்கு அருகே டி. ஆர். விஜேவர்தன மாவத்தை. பழைய ஆட்கள் அதனை இன்றும் மெக்கலம் வீதி என்பர். வீதியோரத்தில் வரிசையாகச் சிறு கடைகள். 'பரண பொத்' என்று பலகை. உள்ளே நூல், வெளியே நூல், நடைபாதையில் நூல், நூலின்மேல் நூல்! மழைக்குப் போர்த்திய பொலித்தீன் விரிப்பை அப்போதுதான் விலக்கியிருந்தார்கள். ஈரமும் தூசியும் பழந்தாளும் கலந்த அந்த வாசனை, தோழர்களே, தேயிலைக் கொழுந்து வாடும் வாசனைக்கு அடுத்தபடியாக நாம் விரும்புகின்ற வாசனை அதுவே.

நாம் தயங்கி நின்றோம். ஏன் தயங்கினோம் என்பதை வேறிடத்தில் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும், இங்கே வேண்டியதில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனை எங்கும் ஒரு கேள்வி எதிர்கொள்ளும். எந்தத் தோட்டம்? எந்த லயம்? யார் மகன்? என்ன அலுவல்? தோட்டக் காரியாலயத்தின் சன்னலிலே ஒரு கேள்வி. பங்களா வாயிலிலே ஒரு கேள்வி. கொழும்புக்குப் போனால் வீதிச் சோதனையிலே, அடையாள அட்டை எங்கே என்று இன்னொரு கேள்வி. துணிக்கடையில் நுழைந்தாற்கூட, "என்ன வேண்டும்?" என்று ஒருவர் பின்னாலேயே வருவார். என்ன வேண்டும் என்று நமக்கே தெரியாத வயதில், எத்தனை பேருக்குத்தான் விடை சொல்வது!

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிங்களப் பெரியவர். "பலன்ன மஹத்தயா, பலன்ன" என்றார். பாருங்கள் ஐயா, பாருங்கள் என்றார். அவ்வளவுதான். மீண்டும் தம் செய்தித்தாளில் ஆழ்ந்துவிட்டார். நாம் இரண்டு மணிநேரம் நின்றோம். ஒன்றும் வாங்கவில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, எவ்விதச் சீட்டும் காட்டாமல், எவருடைய தயவும் வேண்டாமல், ஓரிடத்தில் நின்று கண்டதையெல்லாம் எடுத்துப் பார்த்தோம். அந்த உரிமைக்கு எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்றவில்லை.

நூலகத்துக்குப் போகிறவன் தனக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து போகவேண்டும். புதுப் புத்தகக் கடையிலும் அப்படியே. பழம் புத்தகக் கடையிலோ, வேண்டியது எதுவென்று கைதான் முதலில் அறியும். மூளை பிறகு அறியும். மருத்துவ நூலின் மேலே சமையல் நூல். சமையல் நூலின் மேலே இருதயநோய் பற்றிய நூல் (இது வரிசைப்படி சரியே என்பார் நம் நண்பரொருவர்). ஆங்கில நாவலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் சோதிட நூல். அமைச்சர் கையொப்பமிட்டு நண்பருக்கு அன்பளித்த நூல், நண்பரால் ஒரு பக்கமும் திறக்கப்படாமல் அங்கே வந்து சேர்ந்திருக்கும். பெரிய மனிதர் நூலுக்கும் பெயரறியாதவர் நூலுக்கும் அங்கே ஒரே இடம், ஒரே தூசி, ஏறக்குறைய ஒரே விலை. சமதர்மம் பேசும் நாம் அதனை நடைமுறையிற் கண்ட இடங்கள் குறைவு.

பேரம் பேசுவதும் ஒரு கலை. விரும்பிய நூல் கண்ணிற் பட்டதும் கண் விரியலாகாது. அதனைக் கீழே வைத்துவிட்டு, அருகே கிடக்கும் உதவாத நூலொன்றை எடுத்து அதன் விலையைக் கேட்க வேண்டும். பின், போகிற போக்கில், "இதுவும் எவ்வளவு?" என வினவ வேண்டும். குறுக்கு விசாரணையில் நமக்குப் பின்னர் உதவிய திறமை யாவும் அங்கே கற்றவையே. ஆனால் நம் முகத்தைப் படிப்பதில் அக்கடைக்காரர்கள் எந்த நீதிபதிக்கும் இளைத்தவர்கள் அல்லர். இருபது முறை முயன்றால் இரண்டு முறை வென்றிருப்போம்.

தோற்ற கதையும் ஒன்றுண்டு. நம் மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை, மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர், 1954இல் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' எனும் ஆங்கிலக் கவிதை நூலை வெளியிட்டார். அதன் பழைய பதிப்பைக் காணவேண்டுமென்று மூன்றாண்டுகள் தேடினோம். ஒருநாள் கடைக்குள் நுழைகின்றோம், நமக்கு ஒரு நிமிடம் முன்னதாக வந்த ஒருவர் அதனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றார்! முகம் தெரியாதவர், முறைப்பதற்கும் உரிமையில்லை. அவர் விலை பேசி முடிக்கும்வரை அருகில் நின்று, கழுத்தை நீட்டி, அவர் புரட்டிய பக்கங்களை மட்டும் படித்தோம். நல்ல மனிதர், விளங்கிக்கொண்டு மெதுவாகவே புரட்டினார்.

நிற்க.

2003ஆம் ஆண்டு. நம் மக்களுள் எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு. அவ்வாண்டிலே ஒருநாள் அதே நடைபாதையில் 'புதிய சட்ட அறிக்கைகள்' வரிசையின் தொகுதிகள் சில கட்டாகக் கிடந்தன. தோல் அட்டை, முதுகில் பொன்னெழுத்து. யாரோ ஒரு மூத்த சட்டத்தரணி காலமாகியிருப்பார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்திருப்பர், வீடு விற்கப்பட்டிருக்கும். அளுத்கடையின் பேரறிவெல்லாம் கடைசியில் அந்நடைபாதைக்கே வந்து சேர்கின்றது. 54ஆம் தொகுதியை எடுத்தோம். ஏன் அதனை எடுத்தோம் என்பதைச் சட்டம் பயின்ற மலையகத்தான் எவனும் அறிவான். அதிலேதான் கோடக்கன்பிள்ளை வழக்கு இருக்கின்றது.

இங்கிருக்கும் இளைஞர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்வோம். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இதே மஸ்கெலியாத் தொகுதி ஜி. ஆர். மோத்தா அவர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் சென்றனர். மேலே சொன்ன கவிஞர் வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதி. அடுத்த ஆண்டே, 1948இல், 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. நம் பாட்டன்மாரின் பெயர்கள் வாக்காளர் இடாப்பினின்று உதிர்ந்தன. ருவான்வெலத் தொகுதியில் கோடக்கன்பிள்ளை என்பார், தம் பெயரை இடாப்பில் சேர்க்குமாறு கேட்டு வழக்காடினார். முதல் விசாரணையில் வென்றார். 1951இல் நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் அதனைத் தள்ளியது. இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார். 1953இல் அங்கும் தோற்றார். ஒரு தனிமனிதனின் பெயரை ஒரு பட்டியலில் எழுதுவதா வேண்டாமா என்பதே கேள்வி. பல இலட்சம் பேரின் விதி அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அத்தொகுதியை நடைபாதையிலேயே உட்கார்ந்து புரட்டினோம். அதற்கு உரியவராயிருந்தவர் கருத்தூன்றிப் படிக்கும் வழக்கமுடையவர் போலும். காணி வழக்குகளில் பென்சிற் கோடு. கடன் வழக்குகளில் பென்சிற் கோடு. மரண சாதன வழக்குகளில் ஓரமெங்கும் நுணுகிய எழுத்தில் குறிப்பு. ஆவலோடு கோடக்கன்பிள்ளை வழக்குக்குப் போனோம். ஒரு கோடில்லை. ஒரு புள்ளியில்லை. அச்சகத்திலிருந்து வந்தவாறே வெள்ளை வெளேரென்று கிடந்தன அப்பக்கங்கள்.

நாம் அப்பெரியவரைக் குறைகூறவில்லை. கூலி தரக் கட்சிக்காரன் வராத வழக்கை எந்தச் சட்டத்தரணி கோடிட்டுப் படிப்பான்? இரண்டு வேளைச் சோற்றுக்கு வைத்திருந்த காசைக் கொடுத்து அத்தொகுதியை வாங்கினோம். அன்றிரவு பட்டினியோடு பென்சிலைக் கூர்மையாக்கிக் கொண்டு உட்கார்ந்தோம். இப்போது அப்பக்கங்களில் கோடில்லாத இடமே இல்லை.

இனி, நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள். இவற்றுக்குக் கொழும்பிலே தனி மதிப்பு, தனி விலை. தோட்டத்துரைமார் கூலிகளோடு பேசுவதற்காக அச்சிட்ட கைந்நூல்கள் பல உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பு பெர்குசன் குடும்பத்தார் வெளியிட்ட சின்னத்துரை கையேடு ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? 'இங்கே வா'! பெயரே அதுதான். உலகில் எத்தனையோ மொழிநூல்கள் உண்டு. வணக்கம் சொல்லித் தொடங்குவன, பெயர் கேட்டுத் தொடங்குவன. நம் மக்களோடு பேசத் தொடங்கியவர்களுக்கு முதலில் வேண்டியிருந்த சொல் 'இங்கே வா'. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஸ் என்பார் எழுதியதற்குப் பெயர் 'கூலித் தமிழ்'. தொல்காப்பியம் படைத்த மொழிக்கு அப்படியும் ஒரு கிளை முளைத்தது!

இவற்றுள் ஒன்றை ஒருமுறை கண்ணாடி அலுமாரிக்குள் கண்டு விலை கேட்டோம். நம் தந்தையார் பத்து நாள் மலையேறி உழைத்த கூலியைச் சொன்னார் கடைக்காரர். "வெள்ளைக்காரர் வந்தால் கொடுப்பார்கள், மஹத்தயா" என்று சமாதானமும் சொன்னார். அந்நூலின் சொற்களால் ஏவப்பட்டவரின் பேரனுக்கு அதனை வாங்க வழியில்லை! கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது. அலுமாரியைத் திறந்து பத்து நிமிடம் பார்க்க விட்டாரே, அது அவர் பெருந்தன்மை. ஏவல் வினைகள் அத்தனையும் ஒருமையில் இருந்தன. 'வாருங்கள்' எங்கேயாவது வருகின்றதா என்று தேடினோம். பத்து நிமிடம் போதவில்லை.

துரைமார் நூல் கண்ணாடிக்குள் இருக்க, தமிழ் நூல்கள் எங்கே? அடியிலே! கடைக்காரர்க்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆதலால் எது அரியது, எது எளியது என்பதும் தெரியாது. மூலையிலே ஒரு குவியல். அட்டை போன சென்னை நாவல்கள், தீபாவளி மலர்கள், பாடப் புத்தகங்கள், 'பெரிய எழுத்து'க் கதைகள். அக்குவியலின் முன்னே குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுப்பதில் உள்ள இன்பத்துக்கு ஈடில்லை. எடுக்க எடுக்கக் கை கறுக்கும். மனம் வெளுக்கும்.

1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு நூல் செய்தார். கோப்பிப் பயிர்ச் செய்கையைக் கும்மிப் பாட்டாகப் பாடிய நூல். மலையகத்தைப் பற்றி எழுந்த மிகப் பழைய தமிழ் நூல்களுள் ஒன்று. அவர் கோப்பியைப் பாடிய அதே 1869இல்தான் கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பாட்டுக்கும் நோய்க்கும் ஒரே வயது! அந்நூலின் பழம்பிரதி என்றாவது ஒருநாள் அக்குவியலின் அடியிலிருந்து கிளம்பும் என்ற ஆசை நமக்கு இன்னும் விட்டபாடில்லை. ஹட்டன் மக்களின் பிரதிநிதியாகச் சட்டசபையில் வீற்றிருந்த கோ. நடேசய்யர் நடத்திய தாள்களும் எழுதிய நூல்களும் அவ்வாறே. சாரல் நாடன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, 1988இல் நடேசய்யர் வரலாற்றை எழுதினார். அவர் தேடியிராவிட்டால் இந்தத் தலைமுறைக்கு அப்பெரியாரின் பெயர் ஒரு வீதிப் பலகையளவே எஞ்சியிருக்கும்.

சென்னைக்குச் சென்ற இரு தடவையும் மூர் மார்க்கெட்டைத் தேடிப் போனோம். 1900ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட அச்சந்தை, தமிழ் படித்த ஏழைகளுக்கு மூன்று தலைமுறையாகப் பல்கலைக்கழகமாய் இருந்தது. 1985இல் தீக்கிரையாயிற்று. வணிகர்கள் அருகிலே அல்லிக்குளம் கட்டடத்துக்குப் பெயர்ந்தனர். அவ்விடத்தின் பழம்பெருமையை அங்குள்ள முதிய வணிகர் சொல்லக் கேட்டுக்கொண்டு, கையிலிருந்த காசுக்கெல்லாம் வாங்கினோம். விமானத்தில் எடை கூடிற்று. சட்டைகள் இரண்டைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தோம். செட்டிநாட்டுக் கோட்டையூரிலே ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய நூலை மட்டுமன்று, துண்டுப் பிரசுரம், நாடக விளம்பரம், கலியாண அழைப்பிதழ் என்று பிறர் குப்பை என்றதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பின்பு, சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, 1994இல் சென்னையிலே அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகமாக்க வழி செய்தது. இன்று தமிழாராய்ச்சி செய்வோர் உலகெங்கிருந்தும் அங்கே வருகின்றனர்.

மலையகத்தில் அப்படியொரு முத்தையா இல்லாமற் போனது ஏன்? 1977இலும் 1983இலும் லயங்களும் கடைகளும் எரிந்தபோது உள்ளிருந்த தாள்களும் எரிந்தன. அது பகைவர் செய்தது. பகைவர் எவரும் வாராமலே நாம் தொலைத்தவை எத்துணை! 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. போகிறவர்கள் ஒரு தகரப்பெட்டியில் வாழ்க்கையை அடைத்துக்கொண்டு தலைமன்னாருக்கு வண்டியேறினர். பெட்டியிலே குத்துவிளக்குக்கு இடமிருந்தது. வெண்கலச் சட்டிக்கு இடமிருந்தது. புத்தகத்துக்கு இடம்? இரவிலே மண்ணெண்ணெய் விளக்கொளியில் ஒருவர் உரக்கப் படிக்க, லயமே கூடியிருந்து கேட்ட அல்லி அரசாணி மாலையும் நல்லதங்காள் கதையும், பழைய தாளும் போத்தலும் வாங்குகிறவன் தராசிலே ஏறின. துண்டுச் சீட்டுகளும், சங்கத்துச் சந்தாப் புத்தகங்களும், கங்காணிக் கணக்கேடுகளும் அவ்வாறே ஏறின. கடலைச் சுருளாகக் கொஞ்சம், அடுப்பெரிக்கக் கொஞ்சம். தப்பியது ஏதோ கொஞ்சம் கொழும்பு நடைபாதைக்கு வந்தது.

அந்தக் கொஞ்சத்தில் ஒன்றைத்தான் இன்று கையோடு கொண்டுவந்திருக்கின்றோம்.

பத்தாண்டுகளுக்கு முன், ஒரு மழைநாளில், தமிழ்க் குவியலின் அடியிலிருந்து எடுத்தது. பெரிய எழுத்துக் கதைப் புத்தகம். அட்டை இல்லை, கடைசிப் பக்கங்கள் சில இல்லை. முதற்பக்கத்தைத் திருப்பினோம். ஊதா மையில் ஒரு கடை முத்திரை, பாதி அழிந்திருந்தது. எஞ்சியிருந்த எழுத்தைக் கூட்டினால் 'மஸ்கெலியா'! மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காக நம் பழைய பட்டினம் நீருள் அமிழ்ந்த கதையை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்ட, நீங்களெல்லாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கின்றீர்கள். இந்நூலை விற்ற கடையும் அப்பட்டினத்திலேதான் இருந்திருக்க வேண்டும். முத்திரையின் கீழே, கறுத்த மையில், பழகாத கையால் எழுதிய இரு வரிகள்:

'ஊருக்குப் போகின்றோம். புத்தகத்தைத் தொலைத்துவிடாதே. 1971.'

பெயரில்லை. எழுதியவர் பெயருமில்லை, யாருக்கு எழுதினாரோ அவர் பெயருமில்லை. அன்று அக்கடையில் நாம் பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தோம். கடைக்காரர் வியப்போடு பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பித் தந்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் நம் முகத்தைப் படித்ததில் அதுவே மிகச் சரியான வாசிப்பு.

வாசகசாலை இளைஞர்களோடு பேசியிருக்கின்றோம். உள்ளே நுழைந்ததும் இடப்புறத்தில் ஓர் அலுமாரி ஒழித்து வைக்கப்பட்டிருக்கின்றது. வீட்டுப் பரணிலும் பெட்டியடியிலும் கிடக்கும் எந்தத் தாளாயினும், தராசுக்காரன் தருகின்ற விலையைத் தந்து வாசகசாலை வாங்கிக்கொள்ளும். முதல் ஆறு மாதத்துக்கான பணம் நாம் தருகின்றோம். செல்லரித்தது, கிழிந்தது, எவருக்கும் உதவாதது என்று எதனையும் நீங்களே தீர்மானித்து எறிந்துவிடாதீர்கள், கொண்டுவாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரட்டைப் பிரதிகளை வாசலில் விரித்து வைத்து விற்பார்கள். வருகிறவர்களிடம் எந்தத் தோட்டம், யார் மகன் என்று எவரும் கேட்கமாட்டார்கள் என வாக்களித்திருக்கின்றார்கள்.

அலுமாரியில் முதல் நூலாக இதனை வைக்குமுன் ஒரு வேண்டுகோள். இங்கே எழுபதும் எண்பதும் கண்ட பெரியவர்கள் பலர் இருக்கின்றீர்கள். கூட்டம் முடிந்ததும் மேசையருகே வாருங்கள். புத்தகம் திறந்தே இருக்கும். அந்த இரண்டு வரியையும் பார்த்து, இது இன்னாருடைய கையெழுத்து என்று சொல்லக்கூடியவர் உங்களுள் எவரேனும் இருக்கலாம். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு நம் கண்ணாடியைத் தருகின்றோம்.